மடத்தில் ஐந்து பேர்

வடக்கேயிருந்து அடித்த காற்று மூன்றாம் நாளும் ஓயவில்லை. காலையில் துவைத்துப் போட்ட விரிப்புகள் அரை மணி நேரத்தில் காய்ந்து கொடியில் படபடத்துக்கொண்டிருந்தன. எடுக்கப் போன சிஸ்டர் ஈட்டாவின் கண்ணில், வெள்ளைத் துணிமேல் ஏதோ கறுப்பாகப் பட்டது. பூச்சி என்று நினைத்துத் தட்டினாள். தட்டிய இடத்தில் கரி இழுத்துக்கொண்டு போயிற்று. தைலமர இலை. நரம்புகூடக் கலையாமல் அப்படியே கரியாகி, மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுத்தீயிலிருந்து பறந்து வந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு வந்து ஒட்டின.

ஆறு விரிப்பு. ஆறையும் மறுபடி அலச வேண்டும். தொட்டியில் தண்ணீர் பாதிக்குக் கீழே. ஈட்டா கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் ஏதாவது மிச்சமிருக்க வேண்டும்.

மெரிங்கல் மேட்டில் அந்தக் கன்னியர் மடத்தைக் கட்டி நூறு வருடத்துக்கு மேலாகிறது. செங்கல் சுவர், தகரக் கூரை, தெற்கே ஒரு சிற்றாலயம், பின்னால் பள்ளிக்கூடமாக இருந்து இப்போது வைக்கோலும் உடைந்த பெஞ்சுகளும் கிடக்கிற நீளக் கொட்டகை. ஈட்டா பத்தொன்பது வயதில் வந்து சேர்ந்தபோது சாப்பாட்டு மேசையில் இருபத்திரண்டு பேர். இப்போது மூன்று. எண்பத்தெட்டு வயதான மதர் கொன்சாகா முப்பது வருடம் பள்ளிக்கும் மடத்துக்கும் தலைவியாக இருந்தவர். இடுப்பு முறிந்து சக்கர நாற்காலியில் இருந்தார். எண்பத்து நாலு வயதான சிஸ்டர் மலாக்கி ஒரு காலத்தில் அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டவர். இப்போது தான் சாப்பிட்டோமா என்பதே அவருக்கு நினைவில்லை. அறுபத்தாறு வயது ஈட்டாதான் சின்னவள். அதனால் எல்லா வேலையும் அவளுடையது.

பதினோரு வருடமாக இதே நடை. விடியுமுன் எழுந்து மலாக்கியின் நனைந்த விரிப்பை மாற்றுவது. மதருக்கு இன்சுலின் ஊசி. கோழிக்குத் தீனி. ஆலயத்தில் காலை ஜெபம், மூன்று பேராக. தன் பெயர் மறந்துபோன மலாக்கிக்குப் பைபிள் சங்கீதங்கள் மட்டும் ஒரு வரி பிசகாது. ஈட்டா கொட்டாவியை அடக்கிக்கொண்டு வரி தவறவிடும்போது மலாக்கிதான் எடுத்துக் கொடுப்பார். பிறகு ஓட்ஸ் கஞ்சி, குளியல் போராட்டம், சமையல், மறுபடி துணி.

பதினாறு நாளைக்கு முன் ஈட்டா ஒரு கடிதம் எழுதினாள். மெல்போர்னிலிருந்த சபைத் தலைவி சிஸ்டர் நொய்லீனுக்கு, நாலே வரி. 'இரண்டு பேரையும் முதியோர் இல்லத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். என்னால் முடியவில்லை. மதருக்கு இது தெரியாது. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.' இந்த வீட்டிலேயே சாக வேண்டும் என்று மதர் பலமுறை சொல்லியிருக்கிறார். 'சரி மதர்' என்று ஈட்டாவும் பலமுறை சொல்லியிருக்கிறாள். கடிதத்தைப் போட்ட நாளிலிருந்து போன் மணி அடித்தால் ஈரக்கையோடு ஓடிப் போய் எடுத்தாள்.

அன்று அவள் விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டு திரும்பும்போது மெர்வ் தன் வண்டியைப் புழுதியோடு கொண்டுவந்து நிறுத்தினார். மெர்வ் அடுத்த பண்ணைக்காரர், மாடு வைத்திருப்பவர், ஊர்த் தீயணைப்புக் குழுவுக்குத் தலைவர். வண்டியின் முன்பக்கத்திலிருந்து காவி உடுத்த, தலை மழித்த இரண்டு பெண்கள் இறங்கினார்கள்.

"மேல மலையில இருக்காங்கல்ல சிஸ்டர், புத்தர் மடத்து சிஸ்டருங்க. அவங்க குடிலுக்கு நாலு கிலோமீட்டர்ல தீ நிக்குது. டவுனுக்குக் கொண்டு விடலாம்னா பாலத்துக்கிட்ட மரம் சாஞ்சு ரோடு அடைச்சிருக்கு. உங்க இடம்தான் பக்கம்."

"எத்தனை நாளைக்கு மெர்வ்?"

"அதைக் காத்தைத்தான் கேக்கணும்." மெர்வ் தொப்பியை எடுத்துத் தலையைத் துடைத்தார். கண் ரெண்டும் ரத்தச் சிவப்பு. "நீங்களும் ரோட்டுல கிளம்பிடாதீங்க. நடுவழியில மாட்டிக்கிட்டா வண்டியோட போயிருவீங்க. செங்கல் வீடு, சுத்தி மாடு மேஞ்ச நிலம். உள்ளயே இருங்க. தண்ணி மட்டும் பிடிச்சு வைங்க."

இரண்டு பேரில் மூத்தவள் வினீதா. வியட்நாமில் பிறந்து சின்ன வயதில் படகில் வந்தவள், ஐம்பத்தைந்து இருக்கும், பேச்சில் சிக்கனம். இளையவள் கேமா, கோதுமை விளைகிற பக்கத்தில் வளர்ந்த பண்ணைக்காரன் மகள், நாற்பதைத் தொடவில்லை, ஆம்பளைத் தோள். கையில் ஆளுக்கொரு பையும் மூடி போட்ட எஃகுப் பாத்திரமும் மட்டுமே இருந்தன.

அன்று மத்தியானம் கரண்ட் போயிற்று. ஒரு மணி நேரத்தில் போனும் செத்தது. ஈட்டா ரிசீவரைக் காதில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பதில் வந்தாலும் இனி வர வழியில்லை. நிம்மதியா ஏமாற்றமா என்று அவளுக்கே புரியவில்லை.

சாயங்காலம் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு ஸ்டூ வைத்து ஐந்து தட்டு எடுத்து வைத்தாள். வந்தவர்கள் இரண்டு பேரும் தட்டைத் தொடவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சிஸ்டர்," என்றாள் வினீதா. "உச்சிப்பொழுது தாண்டினா நாங்க சாப்பிடுறதில்ல. பால் ஊத்தாத டீ இருந்தா குடிப்போம்."

"அப்ப காலையில சாப்பிடுங்க. அலமாரில ரொட்டி இருக்கு, முட்டை இருக்கு. எடுத்துக்கங்க."

வினீதா கேமாவைப் பார்த்தாள். கேமாதான் தயங்கிச் சொன்னாள். "எடுத்துக்க முடியாது சிஸ்டர். யாராவது கையில குடுத்தாத்தான். ஒவ்வொரு நாளும் குடுக்கணும். அடுத்த நாளைக்கு எடுத்தும் வைக்கக் கூடாது. சமைக்கவும் கூடாது."

ஈட்டா தொடாத இரண்டு தட்டையும் மூடி வைத்தாள். ஏற்கெனவே இரண்டு வாய்க்கு ஸ்பூனால் ஊட்டுகிறேன், இப்போது கையில் எடுத்துக் கொடுக்க இன்னும் இரண்டு என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்படக்கூட அலுப்பாக இருந்தது.

மதர் கொன்சாகாவுக்கோ பள்ளிக்கூடம் மூடிய பிறகு இவ்வளவு உற்சாகம் வந்ததே இல்லை. கம்பளியை முழங்கால்மேல் இழுத்து விட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"உங்க சட்டத்துல எத்தனை விதி?"

"முன்னூத்திப் பதினொண்ணு," என்றாள் வினீதா.

"அட கடவுளே. எங்களுது மொத்தம் நாப்பத்தாறு. அதையே இவ பாதிதான் கடைப்பிடிக்கிறா." மதர் மோவாயால் ஈட்டாவைக் காட்டினார். "நாளைக்கு உருளைக்கிழங்கு தோண்டணும் இல்லையா ஈட்டா? இந்தப் பொண்ணு தோளைப் பாரு. ஒரு பாத்தியை ஒரே மூச்சுல முடிச்சிருவா."

கேமாவின் காது சிவந்தது. "மண்ணைத் தோண்டக் கூடாது மதர். அதுல உயிருங்க இருக்கு. செடியைப் பிடுங்கவும் கூடாது."

"விவசாயி மகளா இருந்துக்கிட்டா?"

"ஆமா. கை அரிக்கும். எங்கப்பா இன்னைக்கு வரைக்கும் சிரிக்கிறாரு."

"துணி அலசலாமா?"

"அலசலாம்."

"தரை?"

"துடைக்கலாம்."

"வீட்டு வேலை பாக்கக் கூடாதுன்னும் எங்களுக்கு ஒரு விதி இருக்கு," என்றாள் வினீதா மெதுவாக. "ஆனா இது வீடில்லையே. மடம்தானே."

மதர் சிரித்தார். உடம்பு குலுங்கிச் சிரித்ததில் இடுப்பு வலித்து முகம் சுளித்து, மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்பை ஈட்டா கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. கழுவ வேண்டிய தட்டுகளோடு எழுந்து போனாள்.

மறுநாள் காலை மலாக்கியைக் குளிப்பாட்டும் நேரம். வழக்கம்போல அவர் கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீ யாரு? என் உடுப்பை ஏன் கழட்டுற? மதர்கிட்டச் சொல்லுவேன்." ஈட்டாவின் மணிக்கட்டில் நகம் பதிந்த தழும்புகள் பழசும் புதிசுமாக இருந்தன. அன்றும் ஒன்று பதிந்தது.

கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த வினீதா துணியை வைத்துவிட்டு வந்தாள். "நான் பாக்கட்டுமா? இருபது வருஷம் முதியோர் இல்லத்துல நர்சா இருந்தேன்."

மலாக்கி அவளது மழித்த தலையை ஏற இறங்கப் பார்த்தார். கையை நீட்டித் தடவினார். "உனக்கும் வெட்டிட்டாங்களா," என்றார் பரிதாபமாக. "எனக்கும் முதல் நாளே வெட்டினாங்க. அழாதே. வளர்ந்துரும்."

"அழலை சிஸ்டர். தண்ணி சூடா இருக்கு, வாங்க. ரெண்டு பேரும் போவோம்."

மலாக்கி சட்டத்தை விட்டார். குழந்தைபோல நடந்து போனார். குளியலறையிலிருந்து தண்ணீர்ச் சத்தமும், நடுவே இரண்டு பேரும் மெல்லப் பேசுவதும் கேட்டன.

ஈட்டா துணி துவைக்கும் அறைக்குப் போய், அழுக்குத் துணி மூட்டைமேல் ஒரு நிமிடம் உட்காரலாம் என்று உட்கார்ந்தாள்.

கண் திறந்தபோது ஜன்னல் வெயில் எதிர்ச் சுவருக்கு மாறியிருந்தது. மணி இரண்டேகால். அவள்மேல் யாரோ சால்வை போர்த்தியிருந்தார்கள். பதறி எழுந்து ஓடினாள். மதர் நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மலாக்கி சுத்தமான கவுனில், வகிடெடுத்த தலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மேசையில் ரொட்டித் துண்டும், திறந்த பீச் பழ டப்பாவும், கழுவிக் கவிழ்த்த இரண்டு கிண்ணமும். மூலையில் எஃகுப் பாத்திரங்கள் இரண்டும் மூடியபடியே இருந்தன.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள் ஈட்டா.

"அவங்க ரெண்டு பேரும் சாப்பிட்டாங்க," என்றாள் கேமா.

"உங்களைக் கேட்டேன்."

கேமா வினீதாவைப் பார்த்தாள்.

"நேத்து உச்சிக்கு முன்னாடி சாப்பிட்டது. நாளைக்குக் காலை வரைக்கும் பட்டினியா? என்னை ஒரு தட்டுத் தட்டி எழுப்பினா என்ன? மதர்கிட்டக் கேட்டா என்ன? ரொட்டியை எடுத்து உங்க கையில வைக்கிற அளவுக்கு அவங்களுக்குத் தெம்பு இருக்கு." ஈட்டாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. பதினோரு வருடமாக யாரிடமும் உயர்த்தாத குரல். "எங்க வீட்டுல ரெண்டு பேர் பட்டினி கிடந்தாங்கன்னு நான் எந்தக் கணக்குல சேர்க்க?"

"உங்க மேல குறை இல்ல சிஸ்டர்," என்றாள் வினீதா. "'என்ன வேணும்னாலும் கேளுங்க'ன்னு ஒருத்தர் வாய் திறந்து சொன்னாத்தான் நாங்க கேக்கலாம். நீங்க சொல்லலை. சொல்லணும்னு உங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

"இப்படி ஒரு விதியா?"

"பழகிரும். நீங்க தூங்கினது நல்லது."

ஈட்டா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "என்ன வேணும்னாலும் கேளுங்க," என்றாள். "சொல்லிட்டேன். இனிமே கேக்கணும்."

"கேக்குறோம்," என்றாள் வினீதா. பிறகு, கொஞ்சம் கழித்து, ஈட்டா கேட்காமலே சொன்னாள். "எங்கம்மா முதியோர் இல்லத்துலதான் கண்ணை மூடினாங்க. மத்தவங்க அம்மாவை எல்லாம் நான் குளிப்பாட்டினேன். எங்கம்மா படுத்தப்ப நான் மொட்டை அடிச்சுக்கிட்டு மலைக்கு வந்துட்டேன். ரெண்டே தடவைதான் போய்ப் பாத்தேன். துறவுன்னு எல்லாரும் கும்பிட்டாங்க. எனக்குத் தெரியும், அதுல பாதி ஓட்டம்."

ஈட்டாவின் நாக்கு நுனி வரைக்கும் கடிதம் வந்தது. ஆனால் மதர் நாற்காலியில் அசைந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த இரண்டு நாளும் பதினொரு மணிக்கு ஈட்டா பூசணி சூப்பையும் அவித்த முட்டையையும் ரொட்டியையும் ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள் பாத்திரத்தில் வைத்தாள். அவர்கள் கண்ணை மூடி ஏதோ சொன்னார்கள். மதர் தன் பங்குக்குச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் பகல் ஒரு மணிக்கு வானம் பழுப்பாகி, பிறகு ஆரஞ்சாயிற்று. கங்காருக்கள் கூட்டமாக வேலி தாண்டிக் கீழே ஓடின. கோழிகள் பகலிலேயே கூண்டுக்குள் ஏறிக்கொண்டன. தூரத்தில் ரயில் வருவதுபோல ஒரு சத்தம். அந்தப் பக்கம் ரயிலே கிடையாது.

"கூரைத் தண்ணி போற குழாய் வாயில துணியைத் திணிக்கணும்," என்றாள் கேமா. அவள் பேச்சே மாறிவிட்டது. "கூரை ஓரத்து வாரி முழுக்கத் தண்ணி நிப்பாட்டணும். கங்கு வந்து விழுறது அங்கதான். ஏணி எங்க?"

ஈட்டா ஏணியைக் கொண்டுவந்தாள். டீசல் மோட்டாரை இழுத்து இழுத்து ஏழாவது இழுப்பில் கிளப்பினாள். கேமா காவியை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு கூரையில் ஏறினாள். வினீதாவும் ஈட்டாவும் கதவிடுக்கெல்லாம் ஈரத்துணி அடைத்தார்கள். அலசி மடித்த ஆறு விரிப்பும் அதற்கே போயின. மதரையும் மலாக்கியையும் ஆலயத்துக்குத் தள்ளிப்போய், பலிபீடத்தின் பக்கத்தில் சுவரோரம் வைத்து, ஈரக் கம்பளி போர்த்தினார்கள்.

"யாரோ அடுப்புல தீய விட்டுட்டாங்க," என்றார் மலாக்கி மோந்து பார்த்து. "நான் இல்லாட்டி இந்த அடுப்படியில ஒண்ணும் உருப்படாது."

"சங்கீதம் சொல்லுங்க சிஸ்டர்," என்றார் மதர். மலாக்கி முதல் வரியை எடுத்தார். மதர் தொடர்ந்தார். வினீதா இரண்டு பேருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே கங்குகள் கிடைமட்டமாகப் பறந்து வந்தன. கிழக்குச் சரிவில் மரங்களின் உச்சி ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு போனது. தீயின் முக்கியப் பாய்ச்சல் பள்ளத்தோடு விலகிப் போக, உதிரி நெருப்புதான் மேட்டில் விழுந்தது. அதுவே போதுமாக இருந்தது. கொட்டகை வைக்கோல் ஒரே மூச்சில் பிடித்தது. கோழிக்கூண்டு போயிற்று. ஈட்டா நனைந்த சாக்கால் புல்லை அடித்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்து எதுவும் தெரியவில்லை. கொட்டகைப் பக்கமிருந்து புல்வழியாக ஒரு நெருப்புக் கோடு ஆலயத்துக் கதவை நோக்கி வந்தது. குழாயை நீட்டினாள். எட்டவில்லை. மோட்டாரும் இருமி நின்றது.

அப்போது கேமா கூரையிலிருந்து குதித்தாள். உருளைக்கிழங்குப் பாத்தியில் நட்டிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினாள். ஒரு கணம் தயங்கினாளா என்பது ஈட்டாவுக்குத் தெரியாது. பார்த்ததெல்லாம் மண்வெட்டி ஏறி இறங்கியதுதான். வெட்டி வெட்டி மண்ணை நெருப்பின்மேல் இறைத்தாள். பாத்தி, கிழங்கு, வேர், புழு எல்லாமாகச் சேர்த்து. ஆலயக் கதவுக்கு நாலடி முன்னால் அந்தக் கோடு புகைந்து அணைந்தது. அவள் நிறுத்தவில்லை. கதவைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி எடுத்த பிறகுதான் மண்வெட்டியைப் போட்டாள்.

நாலு மணிக்குக் காற்று தென்மேற்காகத் திரும்பியது. குளிர்ந்த காற்று. பத்துப் பதினைந்து துளி மழையும் விழுந்தது.

மெர்வ் மறுநாள் காலை, முகமெல்லாம் கரியாக, நடந்தே வந்தார். வீடு நிற்பதைப் பார்த்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய நாற்பது மாடு செத்திருந்தது. மலைமேல் ஐந்து குடிலில் நாலு சாம்பல். ஈட்டா அவருக்கு டீ கொடுத்தாள். அவர் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு அழுதார். கேமாவும் வினீதாவும் அவருக்கு முன்னால் சும்மா நின்றார்கள்.

அவர் போன பிறகு, வாளி எடுக்கத் துணியறைக்குப் போன ஈட்டா கதவருகே நின்றுவிட்டாள். உள்ளே கேமா முழங்காலிட்டு, கை கூப்பி, வினீதாவுக்கு முன்னால் இருந்தாள். கையெல்லாம் கொப்புளம். ஏதோ அயல்மொழியில் ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு எல்லாருக்கும் தெரிந்த பேச்சில் சொன்னாள்.

"மண்ணை வெட்டினேன். செடியை அழிச்சேன். தெரிஞ்சே செஞ்சேன். உங்ககிட்ட ஒத்துக்கிறேன்."

"அது குற்றம்னு பாக்குறியா?" என்றாள் வினீதா.

"பாக்குறேன்."

"இனிமே அடக்கிக்க."

"அடக்கிக்கிறேன்."

அவ்வளவுதான். வினீதா அவளை எழுப்பி, கொப்புளத்துக்கு மருந்து தடவ ஆரம்பித்தாள். செய்திருக்காவிட்டால் எல்லாரும் செத்திருப்போமே என்று அவளும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை. ஈட்டா வாளி எடுக்காமலே திரும்பினாள்.

மதர் கூடத்தில் இருந்தார். ஊசி போட வேண்டிய நேரம். ஈட்டா ஊசி போட்டு, பஞ்சால் ஒத்தி, நாற்காலிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மதர், நான் நொய்லீனுக்கு ஒரு கடுதாசி எழுதினேன். உங்களையும் மலாக்கியையும் இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி."

மதரின் முகத்தில் எதுவும் அசையவில்லை. "எப்ப?"

"மூணு வாரம் ஆகப்போகுது. தீ வர்றதுக்கு முன்னாடியே."

"என்கிட்டச் சொல்லாம."

"ஆமா."

"நான் உனக்குப் பாரமா இருக்கேனா ஈட்டா?"

இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல அவள் எத்தனையோ தடவை மனதில் ஒத்திகை பார்த்திருந்தாள். "இருக்கீங்க மதர்," என்றாள். "தூக்குறது மட்டும் இல்ல. விழிச்சிருக்கிற நேரம் பூராவும். மலாக்கி கீறுறப்ப போன மாசம் ஒரு நாள் அவங்க கையைப் பிடிச்சு முறுக்கிட்டேன். கத்தினாங்க. நீங்க என்னன்னு கேட்டீங்க. கதவுல இடிச்சுக்கிட்டாங்கன்னு சொன்னேன். அன்னைக்குத்தான் எழுதினேன்."

வெளியே கரிந்த மரத்தில் மேக்பை பறவை ஒன்று வந்து உட்கார்ந்து, எதுவும் நடக்காததுபோல ராகம் போட்டது.

"மன்னிக்கச் சொல்றியா?"

"கேக்கலை மதர். சொல்லணும்னு இருந்துச்சு."

"நல்லது. ஏன்னா இன்னைக்கு என்னால முடியாது." குரல் பள்ளிக்கூடத்துக் குரலாக இருந்தது, ஆனால் கடைசிச் சொல் உடைந்தது. "நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி விட்டுட்டுப் போ."

ஈட்டா திருப்பி விட்டாள். அன்றிலிருந்து மதர் அவளோடு பேசவில்லை. உணவைக் கேமா ஊட்டினாள்.

ஒன்பதாம் நாள் போன் இணைப்பு திரும்பியது. அன்றே நொய்லீன் கூப்பிட்டாள். தீயைப் பற்றி விசாரித்து, அழுது, பிறகு விஷயத்துக்கு வந்தாள். இடம் இருக்கிறது, மதருக்கு மெல்போர்னில், மலாக்கிக்கு ஜீலாங்கில் நினைவு தவறியவர்களுக்கான வேறொரு இல்லத்தில்.

"போனை இங்க குடு," என்றார் மதர். ஒன்பது நாளில் ஈட்டாவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நொய்லீன், ஏழாம் வகுப்புல உனக்கு வகுத்தல் கணக்கு சொல்லிக்குடுத்தது யாரு? நான். அதனால கவனமாக் கேளு. மலாக்கியும் நானும் அம்பத்தொன்பது வருஷமா ஒரே கூரைக்குக் கீழ இருக்கோம். எங்களை வகுக்க முடியாது. ஒரே அறை, ரெண்டு கட்டில். அவளைக் குளிப்பாட்டப் பொம்பளைதான் வரணும். காலையில ஜெபம் சொல்ல அவளை என் பக்கத்துல உக்கார வைக்கணும். இதெல்லாம் எழுதிட்டியா? வாசிச்சுக் காட்டு."

நொய்லீன் வாசித்துக் காட்டினாள். மதர் ரிசீவரை வைத்துவிட்டு, "என் சூட்கேஸ் மச்சில இருக்கு. தூசி தட்டணும்," என்றார். யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. ஈட்டா போய் எடுத்து வந்தாள்.

மார்ச் முதல் வாரம் வேன் வந்தது. மலாக்கி வினீதாவின் தலையைத் தடவி, "வளர்ந்துரும்," என்று சொல்லிவிட்டு ஏறினார். மதர் தன்னைத் தூக்கி உட்காரவைத்த ஈட்டாவின் கழுத்தை, தேவைக்கு ஒரு நொடி அதிகமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அல்லது ஈட்டாவுக்கு அப்படித் தோன்றியது.

வீட்டில் மூன்று பேர் மிஞ்சினார்கள். குடில் கட்டி முடியும்வரை பிக்குணிகள் இருவரும் இங்கேயே இருக்கலாம் என்று சபை அனுமதித்தது. பாதை திறந்துவிட்டதால் அவர்களுடைய ஆட்கள் மெல்போர்னிலிருந்து சோறும் குழம்புமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். விரிப்பு துவைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஈட்டாவுக்கு விடியுமுன் விழிப்பு வந்துவிடும். எழுந்து மலாக்கியின் அறை வாசல்வரை போய், வெறும் கட்டிலைப் பார்த்துத் திரும்புவாள்.

மூன்றாவது வாரம் ஈட்டா இல்லத்துக்குப் போனாள். மூன்று மணி நேரக் கார்ப் பயணம். அறை வெளிச்சமாக இருந்தது. இரண்டு கட்டில், நடுவில் ஒரு சின்ன மேசை. மலாக்கி கொஞ்சம் சதை போட்டிருந்தார். ஈட்டாவைப் பார்த்து, யாரோ என்று மரியாதையாகச் சிரித்தார். மதர் இளைத்திருந்தார்.

"சாப்பாடு எப்படி மதர்?"

"உப்பே இல்ல. வெந்த பேப்பர் மாதிரி."

"ஜெபம்?"

"சொல்றோம். ரெண்டு அறை தள்ளி இருக்கிற ஒரு மெதடிஸ்டு சபைக்காரியும் வந்து உக்காந்துக்கிறா. ராகம் வரலை அவளுக்கு."

இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மருந்துத் தள்ளுவண்டியோடு வந்து, மதருக்கு ஊசி போட்டுப் போனாள். அது நடக்கும்போது ஈட்டாவின் கை தன்னையறியாமல் மடியில் அசைந்தது. மதர் அதைக் கவனித்தார்.

"முடிஞ்சிருந்தா நான் அந்த வீட்டுலயே செத்திருப்பேன்," என்றார். "நீ முடியாதுன்னு சொல்லிட்ட. அதை நான் இன்னும் முழுங்கலை. கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்குது."

"சரி மதர்."

"கையைக் காட்டு."

ஈட்டா நீட்டினாள். மதர் சட்டைக் கையை மேலே தள்ளி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தழும்புகள் ஆறி, வெளிறி, கோடுகளாக மட்டும் இருந்தன. அவற்றின்மேல் கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டுவிட்டுக் கையை விட்டார்.

"அடுத்த வாரம் வராதே," என்றார். "எங்கயாவது போ. கடல் பக்கம் போ. அதுக்கப்புறம் வா."

ஈட்டா காருக்கு வந்து, பெல்ட்டைப் போட்டு, சாவியை நுழைத்தாள். கடலுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தவள், கண்ணாடியை யாரோ தட்டும் சத்தத்தில் விழித்தாள். வெயில் சாய்ந்திருந்தது. மற்றக் கார்களெல்லாம் போய்விட்டிருந்தன. இல்லத்துக் காவலாளி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடம்பு சரியில்லையா சிஸ்டர்? மூணு மணி நேரமா இப்படியே இருக்கீங்க. யாரையாவது கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் ஈட்டா. "தூங்கிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கலாமா?"

"தாராளமா இருங்க," என்று சொல்லிவிட்டு அவர் கேட் பக்கம் போனார். ஈட்டா சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி கண்ணை மூடினாள்.